ஐந்து மதிப்பெண்

பாட்டைப் படிக்கும் முன்பே
பாதி விடையை எழுதிவிடலாம்.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
தலைப்புக்கு அடிக்கோடு, கறுப்பு மை, ஸ்கேல் வைத்து.
"இக்கவிஞர் கற்போர் நெஞ்சம் கனியும் வண்ணம்..."
எந்தக் கவிஞர், எந்த வண்ணம், கவலை வேண்டாம்.
இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை.
எடுத்து எழுது. அரை மார்க். அடுத்ததுக்குப் போ.

குளச்சலில் மாலை ஐந்தே கால்.
சிறப்பு வகுப்பு, பத்தாம் வகுப்பு 'பி', முப்பத்தொரு பேர்.
கடைசி பெஞ்சில் செய்தித்தாள் நனைய ரசவடை.
ஜன்னல் வழியே துறைமுகத்து ஏலக் குரல்
என் மோனைக்கு மேலே ஏறி நிற்கும்.

மாதிரித் தேர்வுக்குப் புதுப்பாட்டு கிடைக்காமல்
திங்கள்சந்தை பஸ்ஸில் நானே ஒன்று கட்டினேன்:

தென்றலில் ஆடும் திரைமகள் தாலாட்டில்
கன்றெனத் துள்ளும் கலம்.

விரல்விட்டு எண்ணினேன். தளை தட்டவில்லை.
எழுதியவர் பெயர் போடவில்லை.
கீழே, நயம் பாராட்டுக.

முப்பது தாள்கள் பாராட்டின.
ஷைனிஷா பாராட்டினாள், அஜின் ராபி பாராட்டினான்,
வெற்றுத்தாள் கொடுக்கும் பிரிஜின்கூட
கனியும் வண்ணம் பாராட்டியிருந்தான்.
முப்பத்தொன்றாவது, கோடிமுனை சகாய டெல்லாஸ்.
அணி நயம், கோணலாய் ஒரு கோடு, அதற்குக் கீழே:

"கன்னுக்குட்டி அவுத்து விட்டா துள்ளும்.
வள்ளம் எஞ்சின் நின்னா துள்ளும்.
ரெண்டும் ஒண்ணு இல்ல.
அது துள்ளும்போது உள்ள இருக்கவன்
பலகையப் பிடிச்சிட்டு மாதாவக் கூப்பிடுவான்.
இத எழுதினவரு கரையில நிக்காரு."

சந்த நயம்:
"பாட்டு ஒரே சீரா ஆடுது.
நங்கூரம் போட்ட வள்ளம்தான் அப்படி ஆடும்.
பிறகு எப்படித் துள்ளும்?"

எதுகை இல்லை. மோனை இல்லை. முன்னுரை இல்லை.
விடைக்குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அதுவும் நான் தயாரித்ததுதான்.
சண்டை போடுவதற்கு அதில் தலைப்பு இல்லை.
சந்தம் என்ற சொல் இருந்ததால் அரை.
அணி என்ற சொல் இருந்ததால் அரை.
பேச்சுவழக்குக்குக் கழிக்கவேண்டிய அரையைக்
கழிக்கவில்லை. அவ்வளவுதான் என் தைரியம்.

மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன்:
"இதெல்லாம் கடைசியில எழுது மக்கா.
முதல்ல அரை அரையா பெறக்கிச் சேரு.
திருத்துகவருக்குக் காலையில பதினஞ்சு கட்டணும்,
மத்தியானம் பதினஞ்சு.
அடிக்கோடு இருக்கான்னுதான் பாப்பாரு.
நீ கரைக்கு வா. அவரு கடலுக்கு வரமாட்டாரு."

தலையாட்டினான். பிறகு கேட்டான்,
"எழுதினது யாரு டீச்சர்?"
"தெரியாது" என்றேன்.

அன்று பஸ்ஸில் அந்த இரண்டு வரியைத்
திருத்தப் பார்த்தேன்.
கன்றை எடுத்தால் எதுகை போகிறது.
கலத்தை வள்ளம் ஆக்கலாம்,
ஆனால் வெண்பாவின் ஈற்றில் வள்ளம் நிற்காது,
இலக்கணம் இடம்தராது.
இரணியல் தாண்டும்வரை எண்ணிக்கொண்டே வந்து
டிக்கெட்டின் பின்பக்கம் தீர்ந்தபோது விட்டுவிட்டேன்.

தமிழ்த் தேர்வு முடிந்த மதியம்
சைக்கிள் ஸ்டாண்டில் நின்றான்,
சட்டைப்பையில் மை ஒழுகி.
ஓடிப்போய்க் கேட்டேன், கடல் வந்ததா என்று.

"வரல டீச்சர். மரம் வந்துது. ஆலமரம்."

"எளுதினியா?"

"எல்லாத் தலைப்பும். ஸ்கேல் வச்சு.
மரத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா,
அதனால நல்லா எளுதிட்டேன்."